ஆயிரம் ரூபாய்க்கு ஆயிரம் கேள்வி

ஒரு பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் அரசாங்கம் என்னவெல்லாம் கேட்டது, நினைவிருக்கிறதா? வயசு 21 ஆச்சா. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்தானா. நஞ்சை ஐந்து ஏக்கருக்கு மேல் இருக்கிறதா. புஞ்சை பத்தைத் தாண்டுமா. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரன்ட் எரிகிறதா. கார் உண்டா, ஜீப் உண்டா, டிராக்டர் உண்டா. வீட்டில் யாராவது வருமான வரி கட்டுகிறார்களா. ஆதார் எங்கே, ரேஷன் கார்டு எங்கே, பாஸ்புக் எங்கே.

2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கு 1.63 கோடி மனுக்கள் வந்தன. 56 லட்சத்துக்கும் மேற்பட்டவை தள்ளுபடி. மூன்றில் ஒருத்திக்கும் மேல் செல்போனில் சேதி போனது. அரசு மொழியை உரித்துப் பார்த்தால் சேதி இதுதான்: அம்மா, உன் ஏழ்மை பத்தாது.

கேட்கட்டும். பொதுப்பணம், கேட்கத்தான் வேண்டும். கரன்ட் மீட்டரைப் பார்க்கட்டும், கார் கொட்டகையை எட்டிப் பார்க்கட்டும். என் சந்தேகம் வேறு. இதே கேள்விகளை, இதே குரலில், இதே விறைப்போடு, மேல்மாடியில் இருப்பவனிடம் ஒரு தரமாவது கேட்டதுண்டா?

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவாவில் பேசினார். கம்பெனி வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. புதிதாக உற்பத்தி தொடங்கும் கம்பெனிக்கு 15. அவசரச் சட்டம், நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்கக்கூட நேரமில்லை. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அவரே சொன்னார். சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 1,921 புள்ளி குதித்தது. குதிக்காதா பின்னே?

யாராவது மனுப் போட்டார்களா? முகாமில் டோக்கன் வாங்கி வெயிலில் நின்றார்களா? நிபந்தனை ஒன்று இருந்தது. பழைய சலுகைகளை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். வேலை கொடுப்பாயா, எத்தனை பேருக்குக் கொடுப்பாய், மிச்சப்பட்ட வரியை எங்கே போடுவாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாகரிகம் தெரிந்த அரசு, விருந்தாளியிடம் அப்படியெல்லாம் கேட்குமா?

கணக்குப் போடுவோம். 2023-ல் தேர்வான 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 12,720 கோடி. அமைச்சர் சொன்ன ஒரே ஆண்டின் வரி இழப்பில் பதினோரு ஆண்டுக்கு உரிமைத்தொகை கொடுத்திருக்கலாம். அதன்பின் மிச்சமும் இருக்கும். முதல் இரண்டு நிதியாண்டுகளில் மட்டும் போன வருவாய் 1.84 லட்சம் கோடி என்று நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவே எழுதி வைத்திருக்கிறது. வேலை வந்ததா என்று தேடினால், மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை பதில் சொல்கிறது: 2023-24-ல் பெருங்கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தது, வேலைவாய்ப்பு வளர்ந்தது 1.5 சதவீதம். எதிர்க்கட்சி துண்டறிக்கையில் வந்ததல்ல இது. அரசாங்கத்தின் சொந்தப் புத்தகம்.

ஆனால் நாட்டைக் குட்டிச்சுவராக்குவது எது? ரேஷன் அரிசி.

டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஓயாமல் சுற்றும் வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். “என் வரிப்பணத்துல ஓசிச் சோறு தின்றானுங்க சார்.” சொல்பவர் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர். மாதச் சம்பளம். சம்பளம் கைக்கு வருமுன்பே டிடிஎஸ் என்று ஒரு துண்டைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வலி உண்மை. 2023-24-ல் தனிநபர்கள் கட்டிய வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி. அத்தனை கம்பெனிகளும் சேர்ந்து கட்டியது சுமார் 9.1 லட்சம் கோடி. அம்பானி, அதானி, டாட்டா எல்லாருடைய கம்பெனிகளையும் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் சம்பளக்காரனையும் சின்ன வியாபாரியையும் வைத்தால், தாழ்கிற தட்டு நம்முடையது. கோபம் வரத்தான் வேண்டும். அந்தக் கோபம் ரேஷன் கடை வாசலில் போய் ஏன் இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

பதில் எளிது. ரேஷன் கடை பக்கத்தில் இருக்கிறது. வரியில்லாத கேமன் தீவு தூரத்தில் இருக்கிறது.

சென்னையில் ஏதாவது ஒரு ரேஷன் கடையில் மாதத்தின் முதல் வாரத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கையடக்கக் கருவியில் ஒரு கிழவி கட்டை விரலை வைக்கிறாள். பீப். சிவப்பு. “ஆயா, ரேகை விழல. கையைத் துடைச்சிட்டு வை.” புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைக்கிறாள். மறுபடி சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை. “நாப்பது வருசம் பாத்திரம் தேய்ச்ச கை தம்பி, ரேகை எங்கேர்ந்து விழும்?” பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். “சர்வர் ஸ்லோ ஆயா, சாயங்காலம் வா.” ஆயா காலிப் பையோடு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறாள். அந்தத் தம்பி மீதும் தப்பில்லை. கருவி ஒப்புக்கொள்ளாமல் ஒரு கிலோ அரிசி போட்டால் அவன் பதில் சொல்ல வேண்டும்.

இவளைத்தான் அரசு நம்ப மறுக்கிறது. ஒவ்வொரு மாதமும், விரல் விரலாக.

இப்போது இன்னொரு காட்சி. இதில் வரிசை இல்லை, ஏசி உண்டு.

ஜனவரி பிறந்ததும் நம் அலுவலகங்களில் ஒரு இலக்கியத் திருவிழா நடக்கும். வெளியே சென்னைப் புத்தகக் காட்சி; உள்ளே வாடகை ரசீது எழுதும் விழா. புனைவுக்குத் தட்டுப்பாடே இருக்காது. அப்பா கட்டிய வீட்டில், அம்மா வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே, அம்மாவுக்குக் கொடுக்காத வாடகையைக் கொடுத்ததாக எழுதுவார்கள். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் அம்மா குறுக்கே ஒரு கையெழுத்து. வாடகை எவ்வளவு? மாதம் 8,300. அதென்ன 8,300? பன்னிரண்டால் பெருக்குங்கள். 99,600. ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் கேட்பார்கள். என்ன துல்லியம்! (புதிய வரிமுறையில் வாடகைக் கழிவு கிடையாது என்பதால் இந்த இலக்கிய வகை இப்போது கொஞ்சம் நலிந்திருக்கிறது. வருத்தமான விஷயம்.)

அடுத்து நன்கொடை. பெயரே கேள்விப்பட்டிராத ஒரு கட்சிக்குக் காசோலை போகும். கமிஷன் போக மீதி ரொக்கமாகத் திரும்பி வரும். கொடுத்ததாக ரசீதும் வரும். கொடுத்தவருக்கு முழுத்தொகைக்கும் வரிக்கழிவு. ஜனநாயகத்துக்கு இவ்வளவு செலவில்லாமல் யாரும் தொண்டு செய்ததில்லை.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுக்கச் சுமார் 150 இடங்களில் சோதனை போட்டது. பொய் வாடகை, பொய் நன்கொடை, பொய்க் கல்விக் கடன், பொய் மருத்துவச் செலவு. ஆடிட்டர்களும் தரகர்களும் கூட்டாக நடத்திய தொழில். பயன்பெற்றவர்கள் யார் என்று துறையே பட்டியல் கொடுத்தது: பன்னாட்டு நிறுவன ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், அரசு அமைப்புகளில் இருப்பவர்கள், கல்வி நிறுவனத்தார், தொழில்முனைவோர். குடிசையில் இருப்பவர் ஒருவரும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை.

சோதனைக்கு முன் துறை என்ன செய்தது தெரியுமா? குறுஞ்செய்தி அனுப்பியது. மின்னஞ்சல் அனுப்பியது. தப்பாகக் காட்டியிருந்தால் திருத்திக்கொள்ளுங்களேன் என்று பக்குவமாக நினைவூட்டியது. வரி கட்டுவோரை முதலில் நம்புவது எங்கள் கொள்கை என்று அறிவித்தது. கேட்கவே இதமாக இருக்கிறது, இல்லையா? நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர், 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் தாங்களாகவே வாபஸ் வாங்கினார்கள். தலைக்குச் சராசரி இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரம். உரிமைத்தொகைக்கு ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். ஏழை என்று ஒத்துக்கொள்ளப்பட்ட குடும்பம் ஒரு வருஷம் முழுக்க உழைத்துச் சம்பாதிக்கக்கூடியதைவிட, இவர்கள் ஒரு படிவத்தில் எழுதிய பொய் பெரியது.

இவர்களில் எத்தனை பேர் “என் வரிப்பணத்துல ஓசி” என்று ஃபார்வர்டு செய்திருப்பார்கள்? அரசிடம் அந்தப் புள்ளிவிவரம் இல்லை. உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும்.

ஏழை ஏமாற்றவே மாட்டான் என்று நான் பூசி மெழுக வரவில்லை. 2020-ல் கொரோனா காலத்தில் பிஎம் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் எனப் பல மாவட்டங்களில் விவசாயமே பார்க்காதவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் ஏறின. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிப் பயனாளிகள், 110 கோடி ரூபாய் மோசடி. திருட்டு திருட்டுதான். சிபிசிஐடி வந்தது. கைது நடந்தது. ஒப்பந்த ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். கணக்கில் விழுந்த இரண்டாயிரமும் நாலாயிரமும் பிடுங்கப்பட்டன. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதாரை வாங்கிக்கொண்டு போனார்கள் என்றவர்களும் அதில் உண்டு. அவர்களிடமிருந்தும் பிடுங்கினார்கள்.

110 கோடிக்கு சிபிசிஐடி. 1,045 கோடிக்கு எஸ்எம்எஸ்.

ஆடிட்டர் குறுக்கிடுவார். சார், 1,045 கோடி என்பது கழிவுத் தொகை, வரி இழப்பு அதில் ஒரு பங்குதான். சரி. 20 சதவீதம் என்றே வையுங்கள். 209 கோடி. இன்னமும் 110-ஐவிடப் பெரியதுதான், ஆடிட்டர் சார்.

இதெல்லாம் சில்லறை மோசடி. பெரிய இடத்தில் மோசடியே கிடையாது. அங்கே எல்லாம் சட்டப்படி நடக்கும்.

2007-ல் வோடஃபோன் நம் நாட்டு ஹட்ச் செல்போன் கம்பெனியை ஹட்சிசனிடமிருந்து வாங்கியது. விலை சுமார் 1,100 கோடி டாலர். பேசிய வாய் நம்முடையது. கேட்ட காது நம்முடையது. டவர் நின்றது நம் மொட்டை மாடியில். விற்பனை நடந்ததோ கேமன் தீவில். அங்கே பதிவு செய்யப்பட்ட ஒரு கம்பெனியின் ஒரே ஒரு பங்கு கைமாறியது. அந்த ஒற்றைப் பங்கோடு இந்தியாவின் கோடிக்கணக்கான சந்தாதாரர்களும் கைமாறினார்கள். வருமான வரித் துறை 11,000 கோடிக்கு மேல் கேட்டது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. பிரணாப் முகர்ஜி முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தினார். உலகமே கொதித்தது. இந்தியா வரிப் பயங்கரவாதம் செய்கிறது என்றார்கள். 2020-ல் சர்வதேசத் தீர்ப்பாயத்திலும் நாம் தோற்றோம். 2021-ல் அந்தத் திருத்தமே வாபஸ். இதே திருத்தத்தின் பேரில் கெய்ர்ன் நிறுவனத்திடம் பிடித்த பணத்தில் சுமார் 7,900 கோடியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பின்தேதி, முன்தேதி எல்லாம் அநியாயம் என்று சொன்னவர்கள் சொன்னதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் அந்தப் பதற்றத்தைக் கவனியுங்கள். ஒரு கம்பெனியிடம் பழைய பாக்கியைக் கேட்டால் வரிப் பயங்கரவாதம். ஒரு கிழவியிடம் மூன்று வருஷம் கழித்து உனக்குத் தகுதியில்லை, வாங்கிய பென்ஷனைக் கட்டு என்றால் அது நிர்வாகச் சீரமைப்பு.

மொரீஷியஸ் கதை இன்னும் ருசியானது. மக்கள்தொகை 13 லட்சத்தைத் தொடாத தீவு. பல ஆண்டுகள் இந்தியாவில் அதிகம் முதலீடு செய்த நாடு அதுதான். கரும்பு விற்ற காசா? 1983-ல் நடைமுறைக்கு வந்த இரட்டை வரி ஒப்பந்தம் கொடுத்த வழி. மூலதன ஆதாயத்துக்கு இங்கே வரியில்லை, அங்கேயும் வரியில்லை. இரண்டு முறை வரி விழக் கூடாது என்று போட்ட ஒப்பந்தத்தில் ஒரு முறைகூட விழாமல் பார்த்துக்கொண்டார்கள். 2016-ல் திருத்தும்வரை முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது என்று நாம் மேடைதோறும் பெருமைப்படுவோம். அந்த ஊர் வழியாகப் போன நம் வரியைப் பற்றி எந்த மேடையிலும் பேசமாட்டோம்.

1985-ல் மெக்டொவல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, வரி தவிர்ப்பால் விளையும் கேடுகளை வரிசையாக எழுதினார். சூதுவாது தெரியாதவன் தலையில் சுமை ஏறும் என்பது அதில் ஒன்று. மெக்டொவல் மது கம்பெனி. அதை வைத்திருந்த குழுமத்தின் தலைவர் விஜய் மல்லையா 2016 மார்ச்சில் லண்டனுக்கு விமானம் ஏறினார். நீதிபதியின் பட்டியலுக்கு இதைவிட நல்ல அடிக்குறிப்பு கிடைக்காது.

அதே 1985-ல்தான் இறந்தவர் சொத்து மீதான வரியைக் காங்கிரஸ் அரசு எடுத்தது. 2015-ல் செல்வ வரியை (வெல்த் டேக்ஸ்) பாஜக அரசு எடுத்தது. வசூல் குறைவு, செலவு அதிகம் என்பது காரணம். இந்த விஷயத்தில் தேசிய ஒருமைப்பாடு பரிபூரணம்.

விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. விவசாயிக்கு அது நியாயம். ஆனால் நகரத்தில் பிரபலமான பல பெரிய மனிதர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது திடீரென்று உழவர்கள் ஆகிவிடுகிறார்கள். 2019-ல் சிஏஜி சோதித்துப் பார்த்த விவசாய வருமானக் கணக்குகளில் 22.5 சதவீதத்தை, போதுமான சரிபார்ப்பே இல்லாமல் வரித் துறை ஏற்றுக்கொண்டிருந்தது. இங்கே யாரும் நஞ்சை எத்தனை ஏக்கர், புஞ்சை எத்தனை ஏக்கர் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி ஆயிரம் ரூபாய்க்காரிக்கு மட்டும்.

இன்னொரு பொய்யையும் அடக்கம் செய்துவிடலாம். ஏழை வரி கட்டுவதில்லை என்பது. தீப்பெட்டி வாங்கினால் வரி. செல்போன் ரீசார்ஜுக்கு வரி. பெட்ரோலுக்கு வரிமேல் வரி. டாஸ்மாக் வரிசையில் நிற்பவன் மாநில கஜானாவின் தூண். அவன் மனைவிக்கு வரும் ஆயிரத்தை அவனே பலமுறை கட்டிவிட்டான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. சீக்கிரமே கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. ஒரு கிலோ கூடினால் வரி போச்சு. கேமன் தீவு ஆலோசகனுக்கு நம்மூர் அரிசி ஆலைக்காரர் எந்த வகையிலும் குறைந்தவரில்லை. ஆனால் அந்த ஒற்றைக் கிலோவிலும் ஒரு கொடுமை. மொத்தமாக மூட்டை வாங்க வசதி உள்ளவன் வரியில்லாமல் தின்கிறான். ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிற கூலிக்காரன் வரியோடு தின்கிறான்.

உபதேசத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. 2022 ஜூலையில் புந்தேல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்துவைத்த பிரதமர், இலவசங்களை மிட்டாய் விநியோகம் என்று சாடினார். கம்பெனி வரியைக் குறைத்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கவாய், இலவசங்களால் ஒட்டுண்ணி வர்க்கத்தை உருவாக்குகிறோமா என்று கேட்டார். எந்த வழக்கில் தெரியுமா? வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களுக்குத் தங்குமிடம் கேட்ட வழக்கில். பிளாட்பாரத்தில் படுத்திருப்பவனைப் பார்த்தால்தான் நம் நாட்டுக்கு உழைப்பின் மேன்மை ஞாபகம் வருகிறது.

கட்சிகள் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. தேர்தல் வந்தால் அதே மிட்டாயை எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு அறிவிக்கிறார்கள். மேடையில் சாடியவர்கள் உட்பட. கட்சிகளின் வருமானத்துக்கு வரி விலக்கு. கட்சிக்குக் கொடுத்த நன்கொடைக்கும் வரிக்கழிவு. யார் கொடுத்தார்கள் என்று கேட்கக்கூடாது என்பதற்காகத் தேர்தல் பத்திரம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆயிரம் ரூபாய் வாங்கும் பெண்ணின் ஆதார், கைபேசி எண், கணக்கு எண் எல்லாம் அரசுக்கு வேண்டும். கோடி கொடுத்தவன் பெயர் மட்டும் வேண்டாம் என்றிருந்தார்கள்.

இந்தச் சந்தேகப் புத்திக்கு விலை உண்டு. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செத்தாள். ஆதாரை இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு ரத்தாகியிருந்தது. சோறு சோறு என்று கேட்டுச் செத்தாள் என்றாள் தாய். மலேரியாவில் செத்தாள் என்றது அரசு. போலிக் கார்டுகளை ஒழித்ததால் இத்தனை கோடி மிச்சம் என்று விளம்பரம் வரும்போதெல்லாம் அந்த மிச்சத்தில் அவள் பங்கும் இருக்கிறது.

இரண்டு உலகமும் ஒரே ஆளின் தலையில் வந்து இடிக்கிற சம்பவங்களும் நடக்கின்றன. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கலாம். கூலித் தொழிலாளி ஒருவருக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்து வரி கட்டாமல் விட்டாயாம். அவருக்கு எதுவும் புரியாது. எப்போதோ கடன் வாங்கித் தருகிறேன் என்று யாரோ வாங்கிப் போன ஆதாரில் எவனோ போலிக் கம்பெனி பதிவு செய்து, சரக்கே இல்லாமல் பில் போட்டு, உள்ளீட்டு வரியைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பான். அரிசி வாங்கப் போனால் ஆள் நீதானா என்று பத்து விரலையும் சோதித்த அமைப்பு, அவர் பெயரில் கம்பெனி தொடங்கும்போது ஒரு விரலைக்கூடச் சோதிக்கவில்லை. சுருட்டியவன் கிடைப்பதில்லை. முகவரி தெரிந்தவன் இவன்தான். நோட்டீஸ் இவனுக்கே.

ஒழுக்கம் பற்றிப் பேசலாம். தாராளமாகப் பேசலாம். மேலிருந்து தொடங்குவோம் என்பதே என் கோரிக்கை. ஊராட்சியில் சமூகத் தணிக்கை என்று நூறு நாள் வேலைக்காரர்கள் பெயரையும் வாங்கிய கூலியையும் ஊர் கூட்டி வாசிக்கிறார்கள். யாரும் அதைத் தனியுரிமை மீறல் என்று சொல்வதில்லை. மத்திய பட்ஜெட்டோடு ஆண்டுதோறும் வரிச் சலுகைகளால் போன வருவாய் பற்றி ஓர் அறிக்கை வருகிறது. அதில் தொகை இருக்கும், துறை இருக்கும். கம்பெனிப் பெயர் ஒன்றுகூட இருக்காது. அந்தப் பெயர்களைப் போடச் சொல்லுங்கள். அதிகச் சலுகை பெற்ற முதல் நூறு கம்பெனிகள், பெற்ற தொகை, கொடுத்த வேலை. கலெக்டர் அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் இதைக் கேளுங்கள். இலவசத்தைத் திட்டும் வேட்பாளரிடம் இரண்டு முறை கேளுங்கள்.

அதுவரை ஒரு தகவல். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் 60 வயது தாண்டியவருக்கு முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதே 200. 80 வயதுவரை உயிரோடு இருந்தால் 500 ஆக்குவார்கள். உயிரோடு இருப்பதற்குச் சான்று கொண்டுவர வேண்டும்.